மஞ்சள் முக்கோணத்தில் ஒரு குடை

நவீனக் கலையைப் பற்றி நான் நாலு கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆனால் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த நவீனச் சிற்பத்தைக் குடை மாட்டும் பலகை என்றுதான் எண்ணினேன். எண்ணியதோடு நில்லாமல் அதில் ஒரு குடையையும் மாட்ட வைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு எட்டு வயது. நாங்கள் திருவனந்தபுரம் கரமனையில் குடியிருந்தோம். எங்களோடு இருந்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம். ஒரு பிளைவுட் பலகையில் முக்கோணம், அரைவட்டம், சாய்சதுரம் என்று மரத்துண்டுகளை வெவ்வேறு உயரத்தில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அடித்து முன்னறைச் சுவரில் தொங்க விட்டிருந்தாள். கண்காட்சிக்கு அது தேர்வானால் பரோடாவில் மேற்படிப்பு, தேறாவிட்டால் கல்யாணம் என்று அப்பாவோடு ஒப்பந்தம்.

“இது என்னட்டி?” என்றார் அப்பா.

“வடிவம் அண்ணே.”

“எதுக்குள்ளது?”

“பாக்கதுக்கு.”

“பாத்துட்டு?”

அத்தை பலகையின் சாய்வைச் சரிசெய்தாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. நாள்கணக்கில் அறுத்துத் தேய்த்து ஒருத்தி பிரயோசனமில்லாத ஒன்றைச் செய்வாளா? முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்தேன். வெளியே ஜூன் மாதத்து இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அடக்கத்தினால் அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவுக்குத் தன் ஒப்பந்தத்தின்மேலேயே நம்பிக்கை போதவில்லை போலும். பலகை கண்காட்சித் தேர்வுக்குப் போவதற்கு முந்தின நாள் நாகர்கோவிலிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை வரவழைத்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா சொட்டும் குடையோடு வாசலில் நின்றார்.

“இத எங்க மக்ளே வைக்க?”

“இங்க மாட்டுங்க மாமா. இது அதுக்குள்ளதாக்கும்.”

“கொள்ளாமே!” என்று மாட்டினார். அத்தையின் கலையை எங்கள் வீட்டில் முதலில் மனமாரப் பாராட்டியவர் அவர்தான்.

வண்ணமோ வெறும் போஸ்டர் கலர். அதன்மேல் வார்னிஷ்கூட அடித்திருக்கவில்லை. குடைத் தண்ணீர் நீல அரைவட்டத்தில் இறங்கி, சிவப்பைத் தொட்டு, ஊதாவாகச் சுவரில் வழிந்தது. காபித் தட்டோடு வந்த அத்தை தட்டைத் தரையில் வைத்தாள். நேராகப் போய்க் குடையைக் கழற்றினாள். வைக்க இடம் தேடினாள். கிடைக்காமல், உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா கையிலேயே கொடுத்தாள்.

பெண் பார்க்க வந்தவரின் கையில், காபி குடிக்கும் முன்னே, பெண்ணே குடையை எடுத்துக் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் எழுந்தார். அவரோடு குடும்பமே எழுந்தது. மாப்பிள்ளை மட்டும் பலகையின் முன்னால் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு குடைக்கு இடம் பார்க்கிறான் என்று நினைத்தேன். அவன் அம்மா முழங்கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

அத்தை அன்று என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. உட்கார்ந்து நிறத்தைத் திருத்தினாள். பலகை தேர்வானது. அவளும் பரோடா போனாள்.

சென்ற வருஷம் அவளுடைய கண்காட்சித் திறப்பு விழாவில், மைக் கிடைத்த தைரியத்தில் இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். அத்தையைக் கலைஞராக்கியதே நான்தான் என்று முடித்தேன். நல்ல கைதட்டல். அத்தையும் சிரித்தாள். காரில் ஏறும்போதுதான் சொன்னாள்:

“பலகை எப்பிடியும் தேறியிருக்கும்லே. எனக்கு அந்தப் பையனப் பிடிச்சிருந்தது.”