கஞ்சி வாசனை

இன்று பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடும்போது எழுந்த வாசனை, காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முனையில் இருந்த, 'வெளி' என்று நாங்கள் சொன்ன புளியமரத் திடலுக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. இப்போது அங்கே கல்யாண மண்டபம் இருக்கிறது. அந்நாளில் விடிந்ததும் தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவு நூலை மரத்துக்கு மரம் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் காயவைப்பார்கள். தெருவே அங்கேதான் இருக்கும் என்பதால், எங்கே போயிருந்தாய் என்று யார் கேட்டாலும் "வெளியில" என்றால் போதும், மேற்கொண்டு கேள்வி இருக்காது, கையை முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

ஒருநாள் காலை அக்கா தாமதமாக வீடு திரும்பினாள். "எங்க போய்ட்டு வர?" என்றார் அப்பா.

"வெளியில."

விடிந்ததிலிருந்து அம்மாவும் நானும் அங்கேதான் இருந்துவிட்டு, சற்றுமுன்தான் வீட்டுக்கு வந்திருந்தோம். அக்கா வரவேயில்லை.

அப்பா தறியைவிட்டு எழுந்து வந்தார். "கையக் காட்டு."

அம்மா முந்திக்கொண்டாள். "என்கூடத்தாங்க இருந்தா. கஞ்சி கலக்கிக் குடுத்துக்கினு இருந்தா." சொல்லிக்கொண்டே அக்காவின் உலர்ந்த கைகளை எடுத்து, கஞ்சி பிசுபிசுத்த தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

அப்பா அந்த நான்கு கைகளையும் பார்த்தபடி நின்றார். பிறகு, முகர்ந்து பார்க்காமலே தறிக்குத் திரும்பினார்.