அக்கா சொல்லித்தராத ஆட்டம்

என் அக்கா கல்யாணத்தில் சீர்த்தட்டுகளோடு ஒரு லேப்டாப்பும் போயிற்று. தேங்காய், பழம், பட்டுப்புடவை, எவர்சில்வர் குடம், அதற்கடுத்த தட்டில் சந்தனம் குங்குமம் வைத்த லேப்டாப். பெரியம்மாவுக்கு எதிலும் குறை வைக்கப் பிடிக்காது. மூடியில் வைத்த பொட்டு போதாதென்று அதைத் திறந்து திரையின் நட்டநடுவிலும் ஒரு பொட்டு வைத்தாள். அக்கா பதறிப்போய்த் துடைக்க வந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று யாரோ அதட்டி அவளை உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

அந்த லேப்டாப் அவளுடையது. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது படித்தபோது இலவசமாகக் கிடைத்தது. எங்கள் வீட்டில் மனை அப்பா பெயரில் இருந்தது, கேஸ் இணைப்பு அம்மா பெயரில் இருந்தது, பைக் கடன் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. அக்கா பெயருக்கென்று ஒரு பொருள் வந்தது அதுதான் முதல் தடவை. கொண்டு வந்த அன்றைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

மாப்பிள்ளை வீடு படப்பை. ஊரில் நிலம், ரோட்டோரத்தில் வாடகைக்கு விட்ட கடைகள் என்று வசதியான குடும்பம். பெண் பார்க்க வந்தபோது, எங்களுக்கு எதுவும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்களாகப் பார்த்துச் செய்வதுதான் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். காபி குடித்துவிட்டு எழுந்து செருப்பு மாட்டும்போது, சின்னவன் பொத்தேரியில் இன்ஜினியரிங் படிக்கிறான், ஒரு லேப்டாப் இல்லாமல்தான் பிள்ளை கஷ்டப்படுகிறான் என்றார்கள். ஊரப்பாக்கத்தில் குழாய் சாமான் கடை வைத்திருந்த அப்பாவுக்குக் கல்யாணச் செலவே கழுத்துக்கு மேல் ஏறியிருந்தது. வீட்டில்தான் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று அவர் கண்டுபிடித்தார். சும்மா கிடந்த அதில்தான் அக்கா இரண்டு வருஷமாக பி.காம் படித்துக்கொண்டிருந்தாள். மூடியில் இருந்த அரசு முத்திரை தெரிந்தால் மரியாதையாக இருக்காதென்று, கூடுவாஞ்சேரியில் ஒரு ஸ்டிக்கர் கடையில் கொடுத்து அதன்மேல் பெரிய மயில் படம் ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்தார். தோகை விரித்த மயில். அப்பா அதை வீட்டில் எல்லோருக்கும் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

கல்யாணத்துக்கு அக்கா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மூன்றாம் வருஷத்தையும் முடித்துவிட வேண்டும். தாராளமாகப் படிக்கட்டும், யார் வேண்டாமென்றது என்று அவர்கள் வீட்டில் எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

எனக்கு அப்போது பதினொரு வயது. அக்கா படிப்பைப் பற்றியோ அப்பா கடனைப் பற்றியோ எனக்குக் கவலை இல்லை. என் கவலை எல்லாம் அந்த லேப்டாப்புக்குள் இருந்த ஒரு விளையாட்டைப் பற்றி.

அக்காவின் கல்லூரித் தோழி பென்டிரைவில் கொடுத்த விளையாட்டு அது. நடுவில் கடல், இந்தப் பக்கம் நம் ஊர், அந்தப் பக்கம் எதிரி ஊர். செஸ் மாதிரி நாம் ஒரு தடவை நகர்த்தினால் கம்ப்யூட்டர் ஒரு தடவை நகர்த்தும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், ஆனால் ஒவ்வொரு டர்னுக்கும் பாயிண்ட் குறைந்துகொண்டே வரும். குறைந்த டர்னில் எதிரி ஊரைப் பிடிக்கிறவர்களுக்குத்தான் பெரிய ஸ்கோர். ஆட்டம் முடிந்ததும் முதல் பத்து இடங்களின் பட்டியல் வரும். எங்கள் பட்டியலில் இரண்டே பெயர்கள்தான். ‘அக்கா’, ‘பாப்பா’. என்னை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதலிடத்தில் அக்கா, ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதற்குக் கீழே நான் எங்கேயோ எட்டாயிரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன்.

அவள் ஜெயிக்கும் விதம் எனக்குப் பிடிபடவே இல்லை. ஆரம்பத்தில் ஏதோ ஒன்று செய்வாள். அது என்னவென்று நான் பார்க்க முடியாது, ஏனென்றால் சரியாக அந்த நேரத்துக்கு அவளுக்குத் தாகம் எடுக்கும்.

“பாப்பா, ஒரு டம்ளர் தண்ணி கொண்டா.”

நான் ஓடிப்போய்ப் பாதி டம்ளரை வழியெல்லாம் கொட்டிக்கொண்டு ஓடி வருவதற்குள் அவளுடைய படகுகள் நடுக்கடலில் இருக்கும். எப்படிப் பண்ணினாய், சொல்லிக்கொடு என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். மசியமாட்டாள்.

“நீயே கண்டுபுடி. நான் சொல்லிக்குடுத்தா அது உன் ஸ்கோரா? என் ஸ்கோர்தான.”

பரீட்சைக்குப் படிக்கும்போது கணக்கு சொல்லித் தருவாள், என் டிராயிங் நோட்டில் படம் போட்டுத் தருவாள், அம்மா கொடுக்கும் தின்பண்டத்தில் தன் பங்கைப் பிட்டுத் தருவாள். இதை மட்டும் தரமாட்டாள். அவள் கர்வப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்தில்தான். ஜெயித்ததும் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, அப்பா ஞாயிற்றுக்கிழமை உட்காருவதுபோல் உட்காருவாள். அம்மா வரும் சத்தம் கேட்டால் உடனே கையை இறக்கிவிடுவாள்.

கல்யாணத்துக்குள் அந்த ஸ்கோரைத் தாண்டிவிட வேண்டுமென்று நான் வெறியாக ஆடினேன். வீட்டில் புடவைக் கடை, நகைக் கடை, மண்டபம் என்று எல்லோரும் அலைந்துகொண்டிருந்தார்கள். நான் என் ஊரைக் காவல் காக்க எத்தனை சிப்பாய்களை விட்டுப் போவது என்ற கவலையில் இருந்தேன். எத்தனை பேரை விட்டாலும் போதவில்லை. கடைசியில் பெரியம்மா வந்து என் கையிலிருந்தே லேப்டாப்பைப் பிடுங்கித் தட்டில் வைத்தாள். அக்கா கிளம்பும்போது எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். எதற்கு அழுதேன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனி கடைசியில், தலை ஆடிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைக்க அம்மா படப்பைக்குக் கிளம்பினாள். அப்பா கடையை விட்டு வரமுடியாது என்பதால் நான் துணை. வண்டலூரில் பஸ் மாறிப் போனோம். கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் வருஷத்துக்குப் பணம் கட்டிப் பெயரைப் பதிய அந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி. பணத்தை அப்பா தயாராக வைத்திருந்தார். அவர்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைக் கேட்டு வாங்கத்தான் அம்மா பழக்கூடையோடு மல்லிகைப் பூவும் அல்வாவும் சேர்த்து வாங்கியிருந்தாள்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஒரகடத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எதைக் கேட்டாலும் தன் அம்மா சொன்னால் சரி என்பவர். ஹாலில் சோபாவில் அவருடைய தம்பி லேப்டாப்போடு கிடந்தான். மயிலின் தலையும் கழுத்தும் சூட்டில் உரிந்து வந்துவிட்டிருந்தன. தலை இருந்த இடத்தில் அரசு முத்திரை பளிச்சென்று தெரிந்தது. அம்மாவின் கண் அங்கே போனதை அக்காவின் மாமியார் பார்த்துவிட்டாள்.

“ஓசில வந்ததுக்கு இன்னாத்துக்கு சம்பந்தி மயிலு? சொல்லியிருந்தா நாங்க இன்னா கோச்சிக்கவா போறோம்?”

அம்மா சிரித்தாள். பெண்ணைக் கொடுத்த இடத்தில் அதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது.

அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இளைத்திருந்தாள். என் கன்னத்தைக் கிள்ளினாள். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

“படிப்பு எங்க ஓடிப்பூடப் போவுது? ஆடி முடியட்டும், பாத்துக்கலாம்” என்றாள் மாமியார்.

“ஆடி முடிஞ்சா சேத்துக்க மாட்டாங்க சம்பந்தி.”

“எனக்கு இன்னா தெரியும் காலேஜப் பத்தி? சின்னவன்தான் அதெல்லாம் தெரிஞ்சவன். அவன் அனுப்பலாம்மான்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நானா வேணான்றேன்?”

சொல்லிவிட்டு, மாடியில் காயப்போட்ட வடகத்தைக் காட்டுகிறேன் வாங்க என்று அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா சமையலறை வாசற்படியில் அப்படியே நின்றிருந்தாள். பிறகு உள்ளே போனாள்.

நான் அதற்குள் சோபா பக்கம் நகர்ந்திருந்தேன். அவன் ஆடிக்கொண்டிருந்தது எங்கள் விளையாட்டேதான். மகா மட்டமாக ஆடினான். ஊரைச் சுற்றிச் சிப்பாய்களை அடுக்கி வைத்துவிட்டு, ஒற்றைப் படகை எதிரியிடம் அனுப்பிப் பறிகொடுத்தான். ஆட்டம் தோற்றுப் பட்டியல் வந்தது. முதலிடத்தில் இன்னும் ‘அக்கா’ இருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சொந்த ஊரைப் பார்த்தது மாதிரி இருந்தது.

“யாரு இந்த அக்கா? ரெண்டு மாசமா ட்ரை பண்றேன், பக்கத்துல கூடப் போக முடியல” என்றான்.

“எங்க அக்காதான்.”

“அண்ணியா? சும்மா கத விடாத.”

அப்போது அக்கா காபி கொண்டுவந்தாள். டம்ளரை மேசையில் வைத்தாள். மாடிப்படியை ஒரு தடவை பார்த்தாள். அவன் புது ஆட்டத்தைத் தொடங்கி, வழக்கம்போல் ஊர் வாசலில் இரண்டு சிப்பாய்களை நிறுத்தப் போனான்.

“தம்பி, ஊரக் காக்காதீங்க” என்றாள்.

“என்ன அண்ணி?”

“ஒருத்தரையும் ஊர்ல விடாதீங்க. எல்லாரையும் மொத டர்ன்லயே படகுல ஏத்திடுங்க. ஊரு காலியா இருந்தா அவன் மொத்தப் படையையும் எடுத்துக்கினு இங்கதான் வருவான். அப்ப அவன் ஊர்ல யாரும் இருக்க மாட்டாங்க. நீங்க வடக்கால சுத்திப் போங்க.”

எனக்குத் தலை சுற்றியது. இவ்வளவுதானா? இதற்காகவா இரண்டு வருஷம் தண்ணீர் சுமந்தேன்? அதைவிட, அவள் அதைச் சொன்ன விதம். கேட்காமலேயே சொன்னாள். அழுது கேட்டவளுக்கு இல்லை என்றவள், சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்த அந்தத் தடியனுக்கு, ஒரு டம்ளர் காபியோடு கூட அதையும் வைத்துவிட்டாள். அவன் பக்கத்தில் நின்றுகொண்டே, இங்கே திருப்புங்க, இப்போ இறங்குங்க என்று ஒவ்வொரு டர்னுக்கும் சொல்லிக்கொடுத்தாள். எதிரி ஊர் விழுந்தது. அவளுடைய முதலிட ஆட்டத்தைவிட இரண்டு டர்ன் குறைவு. அதாவது அவளுக்கு அதைவிட நன்றாக ஆடத் தெரிந்திருந்தது, எனக்குக்கூடத் தெரியாமல் வைத்திருந்தாள்.

முதலிடத்தில் அவன் தன் பெயரை அடித்தான். ‘அக்கா’ ஒரு வரி கீழே இறங்கியது.

“சூப்பர் அண்ணி!” என்று துள்ளி எழுந்தான்.

“தம்பி, அத்தகிட்ட என் காலேஜ் விஷயம் ஒரு வார்த்த சொல்றீங்களா? வெள்ளிக்கிழமையோட...”

அவன் அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டான். “மச்சான், அடிச்சிட்டன்டா! மொத எடம்!” என்று கத்திக்கொண்டே வாசலுக்குப் போனான். அக்கா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் போனை வைப்பதாகத் தெரியவில்லை. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அவளிடம் பேசவில்லை. கிளம்பும்போது கட்டிப்பிடிக்க வந்தாள், நெளிந்து விலகிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வேண்டுமென்று இல்லை, மறந்துவிட்டான். வேண்டாமென்று தடுத்திருந்தால்கூட அவனோடு சண்டை போட்டிருக்கலாம். அடுத்த வருஷம் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது, அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவன் இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். மகளிர் தினத்தன்று பெண் கல்வியைப் பற்றி ஸ்டேட்டஸ் வைக்கிறான். அதற்கு அக்காவும் கைதட்டும் பொம்மை ஒன்றைப் போடுகிறாள். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஏன்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு வர்ற?” என்றாள் அம்மா.

“அக்கா அவருக்கு கேம் சொல்லிக்குடுத்துட்டா. எனக்குச் சொல்லவே இல்ல, அவருக்கு மட்டும் சொல்லிட்டா.”

சனியன் விட்டுத்தொலை என்று சொல்வாள் என்று நினைத்தேன். அம்மா என் பக்கம் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“அதுக்கு அவரு என்ன சொன்னாரு?”

“சூப்பர் அண்ணின்னாரு.”

“அப்புறம்?”

“ஃப்ரெண்டுக்கு போன் பண்ணாரு.”

“அப்புறம்டி? அக்காகிட்ட வேற எதுவும் சொல்லலையா?”

“வேற என்ன சொல்லணும்?”

அம்மா நேராகத் திரும்பி உட்கார்ந்தாள். மண்ணிவாக்கம் தாண்டும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எங்கள் வீட்டில் அந்த விளையாட்டை ஒரு பொருட்டாக மதித்து வருத்தப்பட்டவள் அம்மா ஒருத்திதான் என்று எனக்கு மனம் இளகிப்போனது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அழாதம்மா” என்று தேற்றினேன். “ரெண்டாவது இடம் இன்னும் அக்காதான்.”