தமிழ்ல சொல்லுங்க

அம்மாவின் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, கேட்டுக்கொள்ள நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன். சர்க்கரைப் புண். பாதத்தில் ஆரம்பித்தது, கணுக்கால் வரை கறுத்துவிட்டது.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பண்ணிரோணுமுங்க. மேல ஏறுச்சுன்னா உசுருக்கே ஆபத்து. நாங்க சொன்னா பயந்துக்குவாங்க. நீங்களே உங்க பாசையில பக்குவமா சொல்லி, சம்மதம் வாங்கிருங்க."

அவர் போய்விட்டார். எனக்கு அவர் மேல் எரிச்சலாக வந்தது. உங்க பாசையாம். அதில் இதைச் சொல்ல முடியுமா என்று யாராவது கேட்டார்களா?

எங்கள் வீட்டில் தெலுங்கு. பல தலைமுறையாக நாமக்கல்தான் ஊர். கோயில் குளம் என்று ஆந்திரா பக்கம் போனால் எங்கள் தெலுங்கைக் கேட்டுச் சிரிப்பார்கள். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில் மட்டும் புழங்குகிற மொழி அது. பசி, தூக்கம், கொஞ்சல், கோபம் எல்லாம் அதில் உண்டு. பத்திரம், பாங்கி, ஆஸ்பத்திரி என்று பேச்சு வந்தால் எங்களை அறியாமல் தமிழ் வார்த்தைகளுக்கு நழுவிவிடுவோம்.

மொழிக்கு ஒன்றாக அம்மாவும் இரண்டு ஆள்தான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு எதிரே அவளுக்கு இட்லிக் கடை. அப்பா போன பிறகு தனி ஆளாக நடத்துகிறாள். அங்கே அவள் பேசும் தமிழுக்குப் பட்டறையே அடங்கும். குடித்துவிட்டு வந்து ஒருவன் சாப்பிட்ட இலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தால், "ஏனுங்க, எலைய எடுத்துப் போட்டுட்டுப் போங்க" என்பாள். குரல் உயராது. 'ங்க' ஒன்று கூடக் குறையாது. அவன் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் போவான்.

அதே பொம்பளை வீட்டுக்குள் வந்து தெலுங்குக்கு மாறினால் பல்லிக்கு அலறுவாள். இடி இடித்தால் "தலுப்பு வெய்யி, தலுப்பு வெய்யி" என்று என்னைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்வாள். எனக்குக் கல்யாணமாகிப் பெண் காலேஜ் போகிற வயதிலும் இதே கதைதான். "கடையில இருக்கற தைரியத்துல பாதியை வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாதா" என்று நான் சலித்துக்கொள்ளாத மழைக்காலம் இல்லை.

இந்த அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். வராந்தாவில் நடந்தேன். தண்ணீர் குடித்தேன். தாகமே இல்லாமல் மறுபடியும் குடித்தேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் தெலுங்கில் சேர்த்துப் பார்த்தால், ஒரு வாய் வாங்கிக்கொள் என்று குழந்தையைக் கெஞ்சுகிற குரலில்தான் அது வந்தது. எங்கள் தெலுங்கில் கால் என்றால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "காள்ளு கடுக்கோ" என்று அம்மா கழுவச் சொல்லும் கால். அதை வெட்டுகிற பேச்சை எந்த வாயால் பேசுவது?

வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் சேந்தமங்கலத்துக்காரர், தெலுங்கு தெரியாது; நானும் அம்மாவும் பேசுவது அவருக்கு எப்போதும் சண்டை போடுவதுபோலத்தான் கேட்கும்.

"சொல்லிட்டியா?"

"இல்லீங்க."

"உங்க பாசையில ரெண்டு வார்த்த பேசறதுக்கு இவ்வளவு நேரமா?"

போனை வைத்துவிட்டேன். அதற்கு மேலும் வெளியே நிற்க முடியாது. அறைக்குள் போனேன்.

அம்மா விழித்துக்கொண்டிருந்தாள். "ஏமி செப்பிரி?" என்று கேட்டாள். என்ன சொன்னார்கள்?

"ஏமி லேது." ஒன்றுமில்லை என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். கையை ஊன்றி எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். காலையில் கடையைத் திறக்கும்போது அப்படித்தான் செருகுவாள்.

"டாக்டர் என்னங்க சொன்னாரு? தமிழ்ல சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பிறந்ததிலிருந்து என்னிடம் அவள் முழுசாகத் தமிழில் பேசியதில்லை. இப்போது வாடிக்கைக்காரரிடம் கேட்பதுபோல 'ங்க' போட்டுக் கேட்கிறாள்.

"அம்மா..."

"நம்ம பாசையில சொன்னா எனக்கு அழுக வந்துருமுங்க. தமிழ்லயே சொல்லிருங்க."

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சீட்டு இல்லை என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் குரலை எடுத்துக்கொண்டேன். "முட்டிக்குக் கீழ காலை எடுக்கணுமாம். இன்னைக்கே எடுக்கணும். இல்லைன்னா உசுருக்கு ஆபத்துன்னு சொல்றாருங்க." என் அம்மாவை நானும் 'ங்க' போட்டுத்தான் பேசினேன். வேறு எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை.

"டாக்டரக் கூப்புடுங்க."

அவர் வந்தார். "ஏனுங்க சாமி, முட்டி தங்குமுங்களா?" என்று கேட்டாள்.

"தங்குமுங்க. அதுக்குத்தான் இன்னைக்கே பண்ணோணுங்கறோம்."

"கட்டக்கால் வெச்சா நின்னு தோச ஊத்தலாமுங்களா?"

"ஆறு மாசம் போனா நிக்கலாமுங்க. ரொம்ப நேரம் வேண்டாம்."

"எவ்வளவு நேரம் நிக்கறதுன்னு அப்பறம் பாத்துக்கலாமுங்க. எடுத்துருங்க சாமி."

சந்தையில் தக்காளி விலையை முடித்துக்கொண்டு கூடையை நகர்த்தும் தோரணைதான். டாக்டர் என்னைப் பார்த்தார். நர்ஸ் நீட்டிய தாளில் அம்மா கையெழுத்துப் போட்டாள். அவர்கள் வெளியே போகும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தலுப்பு வெய்யி."

போய்க் கதவைச் சாத்தினேன். திரும்பி வருவதற்குள் என் கையைத் தேடி நீட்டியிருந்தாள். "நா காலு," என்றாள். என் கால். "நா காலு, நா காலு."