பாப்பாவின் தொண்டையும் என் வாயும்

பாப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா, "ஐஸ்கிரீம் குடுங்க" என்று சொன்னபோது அவர் முகத்துக்கு நேரே சிரித்த முட்டாள் நான். சிரித்ததோடு விடவில்லை. "தொட்டுக்க ரெண்டு பக்கோடாவும் குடுத்துடவா டாக்டர்?" என்று கேட்டும் வைத்தேன். ஊரில் எனக்குத் தமாஷ் பேர்வழி என்று பெயர். அப்படிப் பெயர் எடுத்தவனுக்கு ஒரு கோளாறு உண்டு; எதிரில் இருப்பவரும் தமாஷ் செய்கிறார் என்றே நினைத்துக்கொள்வான். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் என் மனைவியிடமே சொன்னார்.

சிரித்ததற்கு என்னிடம் காரணம் இருந்தது. மூன்று வயது நிறையாத எங்கள் பெண்ணுக்கு டான்சில் வீங்கி, மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து, தூங்கும்போது நெல் அரைக்கிற மில் மாதிரி சத்தம் வரும். அதற்காக நாங்கள் அவளுக்கு அதுவரை செய்த ஒரே வைத்தியம், ஐஸ் வண்டி தெருவுக்குள் வந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவதுதான். பானைத் தண்ணீரைக்கூட வெந்நீர் கலந்துதான் கொடுப்போம். டான்சிலையும் சதையையும் எடுத்துப் போட்ட கையோடு ஐஸைக் கொடு என்றால் யாருக்கும் சிரிப்பு வரும்.

டாக்டரம்மா சொன்னதை மனைவி எனக்கு வழி நெடுகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். குழந்தை நிறைய குடிக்க வேண்டும், விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வலிக்கிறது என்று விழுங்காமல் இருந்தால் புண் காய்ந்து வெடித்து ரத்தம் வரும். வந்தால் மறுபடி ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஒரு வாரம் ஆகும்போது புண்ணின் மேல்தோல் உரியும், அப்போது இன்னும் கவனம். சிவப்பாக எதையும் தின்னவோ குடிக்கவோ தரக் கூடாது; தந்தால் ரத்தம் எது, சாப்பாடு எது என்று தெரியாமல் போய்விடும். எச்சிலில் சிவப்பைப் பார்த்தால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கிளம்பி வர வேண்டும்.

ஐஸ்கிரீம் விஷயத்தில் சிரித்தவன் சிவப்பு விஷயத்தில் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தக்காளிக் கூடையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். ரோஸ்மில்க் பாட்டில் பரணுக்குப் போனது. பீட்ரூட்டை மாட்டுக்கு வைத்தேன், மாடு வேண்டாம் என்றது. வாசலில் நட்டிருந்த கட்சிக் கொடியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி கறுப்பாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் அப்போது ஃபிரிட்ஜ் கிடையாது. சவூதியில் மகன் இருக்கிற பாய் வீட்டு ஃபிரிட்ஜில், அவர்கள் மீனை ஓரம் தள்ளி எங்கள் ஐஸ்கிரீமுக்கு இடம் கொடுத்தார்கள். வெள்ளை ஐஸ்கிரீம்தான். கும்பகோணத்தில் வாங்கி, உமி போட்ட பெட்டிக்குள் வைத்து, டவுன் பஸ்ஸில் மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம் என் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், சுக்கும் மிளகும் பொடித்த டப்பாவோடு வந்து இறங்கியிருந்தாள். அந்த டப்பாவை மனைவி ஒளித்து வைப்பதும் அக்கா கண்டுபிடிப்பதுமாக இரண்டு பேரும் என் முன்னால் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் போர் நடத்தினார்கள். அக்கா என்னிடம் மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

"ஏன்டா, நீ படிச்சவனா, அந்த டாக்டர் படிச்சவங்களா?"

"அவங்கதான்க்கா."

"அப்ப சரி, செத்த நேரம் சும்மா இருக்கேன்."

ஆனால் ஐஸ்கிரீம் வந்தும் பாப்பா வாயைத் திறக்கவில்லை. எச்சிலைக்கூட விழுங்காமல் கன்னத்தில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். சிரிப்பு மூட்டலாம் என்று நான் குரங்கு மாதிரி செய்து காட்டியதில் அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் தொண்டை வலித்து, வலித்ததில் அழுது, அழுததில் இன்னும் வலித்தது. அன்றிலிருந்து வீட்டுக்குள் நான் தமாஷ் செய்யக் கூடாது என்று மனைவி உத்தரவு போட்டாள். கையில் இருந்த ஒரே தொழிலும் போயிற்று. குறட்டையும் நின்றுவிட்டிருந்ததால் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது, பகலில் அவள் தூங்கும்போதெல்லாம் மூக்கின் முன்னால் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வருஷம் வெளியிலும் இதே கதைதான். மேட்டூர் திறக்கவில்லை. சென்னையில் ஆட்சி ஒரு கழகத்திடமிருந்து இன்னொரு கழகத்துக்குப் போயிருந்தது, தண்ணீர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. எங்கள் அப்பா பண்ணையில் ஆளாக இருந்தவர். உச்சவரம்புச் சட்டத்தில் எங்களுக்கு வந்த நிலத்துக்குப் பட்டா எங்கள் பெயரில், வழக்கு பண்ணையார் பெயரில். வழக்கு முடிவதற்குள் ஒரு போகமாவது ஒழுங்காக எடுத்துவிட வேண்டும் என்று நான் விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்து, கூட்டத்துக்குக் கூட்டம் மைக்கைப் பிடித்துத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் இங்கே தண்ணீர் கையில் இருக்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

கடைசியில் வழி காட்டியது வாய்க்கால்தான். தண்ணீர் குறைவாக வரும் காலத்தில் எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். மேல்மடைக்காரன் வயல் நனைந்து அடைத்த பிறகு அடுத்தவன் மடை திறப்பான். பாப்பா நடக்கப் பழகியதிலிருந்து என் தோளில் உட்கார்ந்து இந்த முறைச் சண்டைகளை எல்லாம் பார்த்தவள். யார் முறை என்று கேட்கிற வழக்கம் அவளுக்குப் பேச்சு வந்தபோதே வந்துவிட்டது. ஒரு நாள் நான் அலுத்துப்போய் ஒரு கரண்டி ஐஸ்கிரீமை என் வாயில் போட்டுக்கொண்டேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு மெலிந்துபோயிருந்த அந்தக் குரலில், "அப்பா மொற முடிஞ்சிச்சா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிருச்சு."

வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன். அதன் பிறகுதான் தன் வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். நான் ஒரு கரண்டி, அவள் ஒரு கரண்டி. ஒரே கரண்டி. நான் மேல்மடை, அவள் கீழ்மடை. இளநீர், மோர், கஞ்சித் தண்ணீர் எல்லாமே இந்த வழியில் இறங்கின. மனைவி என்னைக் கொஞ்சம் மரியாதையோடுகூடப் பார்த்தாள். நானும் எடை கூடினேன்.

தோல் உரியும் என்று டாக்டரம்மா சொன்ன நாட்கள் வந்தன. ஒரு நாள் காலைச் சாப்பாடு முடிந்து, முறை வைத்து ஐஸ்கிரீம் ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே அவளுக்குக் கண் சொருகியது. கழுத்துக்குக் கீழே வெள்ளைத் துண்டை விரித்துப் படுக்க வைத்துவிட்டு வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தேன். துண்டில் சிவப்பு. வாயோரத்திலிருந்து காது வரைக்கும் ஒரு கோடு, துண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு.

கத்த வாய் வரவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் காட்டினேன். அவள் ஈரக் கையோடு உள்ளே ஓடிப் பாப்பாவைத் தூக்கினாள். அக்கா, "ஐஸு, ஐஸு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு பின்னால் வந்தாள். கடைத்தெருவில் நின்ற அம்பாசடர் டாக்சியைக் கூப்பிட்டுக்கொண்டு ஆபரேஷன் செய்த தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

பாபநாசம் தாண்டியதும் வண்டி நின்றது. சாலையின் குறுக்கே மாட்டு வண்டிகள். சங்கத்தின் மறியல். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று என்னை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்தான். இரண்டு பக்கமும் வயல், சுற்றிப் போக ஒரு சந்துகூட இல்லை, ஒரு சைக்கிள்கூடத் தப்பிக்க முடியாது என்று கூட்டத்தில் பெருமையாக விளக்கிக் கைதட்டு வாங்கியிருந்தேன்.

இறங்கி ஓடினேன். சங்கத் தலைவர் கையில் மைக். பாப்பாவுக்குத் தொண்டையில் ரத்தம் வருகிறது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. நாலு பேர் ஓடிப்போய் வண்டியை நகர்த்தினார்கள். டாக்சி அந்த இடைவெளியில் நுழையும்போது தலைவரின் குரல் பின்னால் கேட்டது. "டெல்டா விவசாயியின் பச்சைக் குழந்தை ரத்தம் சிந்துகிறது. அரசே, இதற்கு மேலும் என்ன வேண்டும்? திறந்து விடு தண்ணீரை." கூட்டமும் அதைத் திருப்பிச் சொன்னது. மனைவி பாப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எங்களைக் காக்க வைக்கவில்லை. டாக்டரம்மா பாப்பாவை என் மனைவி மடியில் உட்காரவைத்து, டார்ச் அடித்து, நாக்கை அழுத்திப் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். மறுபடி வலப்பக்கம். எனக்கு அந்த நேரம் மாதிரி ஒரு நேரம் அதற்குப் பிறகு வந்ததில்லை, வழக்குத் தீர்ப்பன்றுகூட.

துண்டைக் கேட்டு வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்படி வாங்க. ஆ காட்டுங்க."

"நானா டாக்டர்?"

"நீங்கதான்."

காட்டினேன். டார்ச் என் வாய்க்குள் வந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் என்ன பார்த்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் கும்பகோணம் கொழுந்து வெற்றிலையும் சீவலும் சுண்ணாம்பும் உள்ளே போகாமல் எனக்கு நாள் விடிந்ததாகவே அர்த்தமில்லை. கன்னத்தில் அடக்கினால் மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருக்கும். என் சட்டையிலும் தலையணையிலும் உள்ள கறையை வீட்டில் யாரும் கறை என்று எண்ணி வருஷக்கணக்காகிறது. ஊர்ச் சிவப்பையெல்லாம் துரத்தியவனுக்குத் தன் வாய் ஞாபகம் வரவில்லை. மேல்மடையில் கலங்கியது ஒரே கரண்டி வழியாகக் கீழ்மடைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். விழுங்கிய நாட்களில் தெரியவில்லை; தூக்கத்தில் வாயோரம் வழிந்ததும் தெரிந்துவிட்டது.

புண் சுத்தமாக இருக்கிறது, தோல் நன்றாக உரிந்துவிட்டது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது என்றார் டாக்டரம்மா. இதையும் என் மனைவியிடம்தான் சொன்னார். அந்தப் புண்ணில் சுண்ணாம்பும் பாக்கும் பட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் என்னிடம் சொன்னார்; அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. இன்னும் நாலைந்து நாள் நிறைய குடிக்க வேண்டும் என்றார். நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வெயிலில் வந்த தாகம். பாப்பா யாருடைய முறையையும் கேட்காமல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைச் சுளித்துச் சுளித்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். மனைவி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்தால் கூடவே வாயும் வந்துவிடும், என் பிறவி அப்படி.

"சரி டாக்டர், நான் மறுபடி எப்ப வெத்தல போடலாம்?"

டாக்டரம்மா டார்ச்சை அணைத்தார்.

"உங்க பொண்ணு கல்யாணத்துக்குப் போட்டுக்குங்க."