மாடி வீட்டுச் சாக்லேட் பால்

எனக்குப் பொறாமை என்றால் கொஞ்சநஞ்சமில்லை, வயிறு எரிகிற பொறாமை. அதுவும் ஒரு டம்ளர் பாலைப் பார்த்து.

என் பெண் என்னிடம் பால் குடிக்க அரை மணி நேரம் எடுப்பாள். சூடு என்பாள், ஆறிப்போச்சு என்பாள், ஏடு மிதக்குது என்பாள். கடைசியில் பாதி டம்ளர் சிங்க்குக்குப் போகும். அதே பெண், மாடி வீட்டில் என் ஓரகத்தி கலக்கித் தருகிற சாக்லேட் பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அடியில் தங்கிய தூளையும் விரல் விட்டு வழித்து நக்குவாள். நான் ஆபீஸ் முடிந்து ஆறரை மணிக்கு வரும்போது உதட்டுக்கு மேலே பழுப்பு மீசையோடு எதிரே வந்து நிற்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரவணம்பட்டியில் எங்களுடையது இரண்டு அடுக்கு வீடு. கீழே நாங்கள், மேலே கொழுந்தனாரும் அவர் மனைவியும். அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. என் பெண் இரண்டாம் வகுப்பு. பள்ளி வேன் அவளை நாலு மணிக்கு இறக்கிவிடும். நான் வரும்வரை சித்தியிடம் இருக்கட்டும் என்று இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவள் நான்தான். அதனால் யாரிடமும் போய் முறையிடவும் முடியாது.

இத்தனைக்கும் இரண்டு வீட்டுக்கும் ஒரே பால். தொண்டாமுத்தூரில் மாமனாரின் தோட்டத்துப் பால், காய்கறி வண்டியில் தினமும் தூக்குப்போசியில் வரும். அதை ஆளுக்குப் பாதியாக ஊற்றிக்கொடுப்பதும் நான்தான். என் கையால் அளந்து கொடுத்த பால் மாடிக்குப் போய் என் பிள்ளையை மயக்குகிறது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் மேலே போனேன். அவள் கறிவேப்பிலை எடுக்கப் பால்கனித் தொட்டிக்குப் போன நேரத்தில், சாக்லேட் தூள் டப்பாவைத் திருப்பி அதன் முதுகைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன். திங்கட்கிழமை மதியம் ஆபீஸில் சாப்பாட்டை மறந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். புரதம், இரும்பு, நாலைந்து வைட்டமின் எல்லாம் பொடிப்பொடி எழுத்தில் இருந்தன. சர்க்கரைக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, சம்பளம் உயர்ந்தபோதுகூட வந்ததில்லை. மாட்டினாள் என்று நினைத்தேன்.

அந்த வாரமே பெண்ணுக்கு இருமல் வந்தது. சனிக்கிழமை டாக்டரம்மாவிடம் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் வெளியூரில். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஓரகத்திக்குத் தெரியும். அதிலும் எனக்கொரு பொறாமை உண்டு, அது தனிக் கதை. மூன்று பேரும் போனோம். அவள் முன்னால் வைத்தே சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் வசனம் பேசிக்கொண்டு போனேன்.

இருமலுக்கு மருந்து எழுதியதும் போனை நீட்டினேன். "ஏனுங்க டாக்டர், தினமும் இதக் குடிக்கறாளுங்க. எத்தன சர்க்கரைன்னு பாருங்க."

டாக்டரம்மா பார்த்தார். "இது நூறு கிராம் தூளுக்குப் போட்ட கணக்குங்க. ஒரு டம்ளருக்கு எத்தன ஸ்பூன் போடறீங்க?"

"ஒண்ணுதானுங்க. வேற சர்க்கரை போடறதில்லீங்க" என்றாள் ஓரகத்தி, குற்றவாளி மாதிரி.

"சரி, நீங்க எப்படிக் குடுப்பீங்க?" என்று என் பக்கம் திரும்பினார்.

எனக்கு இதுதான் சமயம். "எங்க தோட்டத்துப் பாலுங்க டாக்டர். கெட்டிப்பால் கொழந்தைக்கு மந்தமாயிருமுங்கல்ல, அரை டம்ளர் பாலுக்கு அரை டம்ளர் தண்ணி உட்டு, நல்லாக் காய்ச்சி, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு..."

சொல்லும்போதே நான் சொல்வது எனக்கே கேட்டுவிட்டது. டாக்டரம்மாவின் பேனா நின்றது.

முன்பு பால்காரரிடம் வாங்கிய காலத்தில், பாலில் தண்ணீர் என்று தெருவே கூடும்படி சண்டை போட்டவள் நான். அவர் கலந்தால் மோசடி, நான் கலந்தால் பக்குவம். என் அம்மா எனக்கு அப்படித்தான் கொடுத்தாள், நானும் யோசிக்காமல் அப்படியே செய்துகொண்டிருந்தேன்.

"சாக்லேட் தூள் ஒண்ணும் மருந்தில்லீங்க, அந்த ஒரு ஸ்பூனையும் பாதியாக் கொறைச்சுக்கங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா பாலோட புரதம், கால்சியம் எல்லாம் அதுல முழுசா இருக்குது. உங்க டம்ளர்ல பாதிதான் இருக்குது. சர்க்கரையும் உங்களதுலதான் ஜாஸ்தி. ஏழு வயசுப் பிள்ளைக்குத் தண்ணி எதுக்குங்க?"

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். பெண் பின்சீட்டில் தூங்கிப்போனாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நீ தண்ணி ஊத்தறதே இல்லையா அம்மணி?" என்று கேட்டேன்.

"இல்லீங்க்கா" என்றாள் ரோட்டைப் பார்த்தபடி. "கொழந்தைக்குன்னா கலக்கோணும்னு எனக்கு யாருங்க்கா சொல்லிக் குடுத்தாங்க?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னாள். குத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தால் வாசலில் அந்த டப்பா. அதன் மேல் ஒரு ஸ்பூனும் வைத்திருந்தாள் ஓரகத்தி. இனி நீங்களே கொடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ஜெயித்துவிட்டேன் என்று உள்ளே கொண்டுபோய் அலமாரியில் முன்வரிசையில் வைத்தேன்.

திங்கட்கிழமை ஆறரைக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. தூள் அரை ஸ்பூன். கட்டி தட்டாமல் ஆற்றிக் கொடுத்தேன். பெண் மெதுவாகக் குடித்தாள், ஆனால் மிச்சம் வைக்கவில்லை. மீசையும் வந்தது. ஏழு வருடத்தில் நான் வரைந்த முதல் மீசை.

"நல்லாருக்கா கண்ணு?"

"நல்லாருக்கும்மா. சித்தி இன்னைக்குப் பாலே குடுக்கல. அம்மா வந்து குடுப்பாங்கன்னு சொன்னாங்க." மீசையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு நாலு மணிக்குத்தான் பசிச்சுது."

சொல்லிவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள். நான் டம்ளரைக் கழுவினேன். இன்னொரு முறையும் கழுவினேன். நாலு மணிக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாதா என்ன? எந்த டப்பாவின் முதுகைத் திருப்பிப் படித்தாலும் நாலு மணிக்கு நான் வீட்டில் இருக்க முடியாது.

டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். அவள் கதவைத் திறந்தாள். அழுத கண் போலிருந்தது, நான் கேட்கவில்லை.

"நாலு மணிக்கே குடுத்துரு கண்ணு. பாதி ஸ்பூன் போதும்" என்றேன்.

"சரிங்க்கா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. எரிந்துகொண்டேதான் கீழே இறங்கினேன். இப்போதும் நாலு மணியானால் ஆபீஸில் என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது. என் பிள்ளை இப்போது குடித்துக்கொண்டிருப்பாள்.