ஒத்திருக்கிறதா என்று கேட்கிறவர்

ஓவியர் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று வெகுகாலம் கழித்து ஒரு தமிழாசிரியர் எனக்குச் சொன்னார். ஒவ்வுதல் என்றால் ஒத்திருத்தல். ஒன்றைப் பார்த்து அதைப்போலவே எழுதுகிறவர் ஓவியர் என்றார். நல்லாத்தான் இருக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு திண்டுக்கல்லில் நான் வீடு தேடி அலைந்தபோது யாராவது இதைச் சொல்லியிருந்தால் உபகாரமாக இருந்திருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் இருந்த வீட்டுச் சுவர் ஐப்பசி மழையில் சரிந்துவிட்டது. கொடைரோட்டில் நாத்தனார் வீட்டில் ஒண்டிக்கொண்டோம். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தாள். பிள்ளை பிறப்பதற்குள் எங்களுக்கென்று ஒரு கூரை வேண்டும். என் வீட்டுக்காரர் சினிமாக் கொட்டகைகளுக்கு பேனர் எழுதுகிறவர். பெயிண்டர் என்று சொன்னால், "மொதல்ல சுண்ணாம்பு அடிச்சுக் குடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். ஆர்ட்டிஸ்ட் என்றால் இன்னும் மோசம். நடிகனுக்கு வீடு கிடையாது என்று கதவைச் சாத்தினார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கடைசியில், மாதா கோவிலுக்குப் பின்னால் தனியாக இருந்த ஒரு அம்மாவிடம் போனோம். அவர் வீட்டில் ஒரு பாகம் காலியாக இருந்தது.

"படம் எழுதுறவரும்மா" என்றேன். வேறு பெயர் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அந்த அம்மா இவரையே செத்த நேரம் பார்த்தார். "என் மகன எழுதுவீகளா? பத்து வயசுல அம்மையில போயிட்டான். போட்டோ எடுத்து வைக்கல."

போச்சு, இந்த வீடும் இல்லை என்று நினைத்தேன். இவர் மறுக்கவில்லை. மறுநாள் தாளும் வர்ணமும் கொண்டுவந்து, அந்த அம்மாவையே ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

"நெத்தி யாரு மாதிரிம்மா?"

"என்னைய மாதிரித்தான்."

"கண்ணு?"

"அவுக அப்பா கண்ணு. கொஞ்சம் உள்ள போயிருக்கும்."

பொழுது சாய்வதற்குள் தாளில் ஒரு பையன் வந்துவிட்டான். எந்தப் படத்தை முடித்தாலும் கேட்பதையே இவர் அன்றும் கேட்டார்.

"ஒத்திருக்காம்மா?"

அந்த அம்மா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இல்ல தம்பி. அவன் இப்பிடி இல்ல."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா. "எனக்கே அவன் மொகம் மறந்துக்கிட்டு வருது. இனிமே இவனப் பாத்துக்கிறேன்."

மாதா படத்துக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சாமானெல்லாம் எப்பக் கொண்டு வாரீக?"