ஜமீல் பாயின் மீட்டர் சரியாகத்தான் காட்டியது

ஆம்பூர் ஜமீல் பாய் இன்று விடியற்காலை காலமாகிவிட்டார். அவருடைய மைத்துனர் ஏழரை மணிக்குப் போனில் உறுதி செய்தார்.

தொழுகைக்கு எழுந்தவர், கை கால் கழுவப் போன இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். மாரடைப்பு என்கிறார்கள். டாக்டர் இன்னும் எழுத்தில் தரவில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாய் இங்கே ஒரு ஷூ கம்பெனியின் டெஸ்டிங் லேபில் முப்பது வருடம் இருந்தவர். தோலை இழுத்து, எவ்வளவு பாரத்தில் கிழிகிறது என்று பார்க்கும் மிஷின் அவர் பொறுப்பு.

ஏற்றுமதி ஆர்டர்கள் திரும்பி வருவதைப் பற்றி என் பத்திரிகைக்கு எழுதப் போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். அன்று பேரணாம்பட்டில் சின்னதாகத் தோல் ஷாப் நடத்தும் ஒருவரின் சரக்கு டெஸ்டில் ஃபெயில். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்... முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடவில்லை. சீல் வைத்த எடைக்கல்லை எடுத்து மிஷினில் மாட்டினார். மிஷின்தான் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. சரி செய்துவிட்டு மறுபடி இழுத்தார்கள். சரக்கு பாஸ்.

"ரீடிங் இறங்குச்சுன்னா மொதல்ல மிஷின பாக்கணும் சார். அப்புறம்தான் தோல பாக்கணும்" என்றார். அதை அப்படியே செய்தியில் போட்டேன்.

ரிட்டயர் ஆனதும் பெங்களூரில் இருக்கும் மகன் அவர் சைக்கிளுக்கு ஒரு பவர் மீட்டர் வாங்கி மாட்டிக் கொடுத்தார். பெடலைத் தாங்கும் க்ராங்கில் ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டி. கால் எவ்வளவு பலமாக மிதிக்கிறது என்று வாட் கணக்கில் காட்டும்.

எங்களுக்கு அது புது விளையாட்டு. பாய்க்கு அது பழைய சிநேகிதன். லேப் மிஷினுக்குள் இருப்பதும் இதேதான், அளவுதான் சின்னது என்பார்.

பிறகு நாங்களும் ஆளுக்கொன்று வாங்கினோம். வாரா வாரம் பைபாஸ் டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வெளிச்சூட்டுக்கு மீட்டர் பழகும் வரை கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகுதான் மீட்டரை ஜீரோ செய்ய விடுவார். அவசரப்பட்டால் திட்டு.

ஒரு நாள் நான் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடியே ஜீரோ பட்டனை அழுத்திவிட்டேன். "கால எடுங்க சார். உங்க வெயிட்டையே ஜீரோன்னு எழுதிக்கும். அப்புறம் இன்னா மிதிச்சாலும் கம்மியாத்தான் காட்டும். ஊர் நியூஸ்லாம் செக் பண்றீங்க... இத பண்ண மாட்டீங்களா?"

டீக்கடையே சிரித்தது. நானும்தான்.

இனி எழுதப் போவதுதான் காலையிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பது.

போன மாதம் ஏலகிரி ஏறும்போது பாயின் மீட்டர் வழக்கத்தைவிட இருபது வாட் குறைவாகக் காட்டியது. பேட்டரி போயிருக்கும் பாய், மாற்றுங்கள் என்றேன். மாற்றினார்.

அடுத்த ஞாயிறு இன்னும் குறைந்தது. க்ராங்க் போல்ட் தளர்ந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். டைட் செய்தார். ஜீரோ செய்தார். அதே கதை.

அன்று ஒன்பதாவது வளைவில் இறங்கி ஓரமாக உட்கார்ந்துவிட்டார். என்ன பாய் என்றேன். ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது, நீங்கள் போங்கள் என்றார்.

அவர் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ. மலை இறங்கிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இத்தனை வருடம் கேள்வி கேட்டே பிழைத்தவன், அதைக் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் பழைய லேபில் சொல்லி இருபது கிலோ எடைக்கல் ஒன்றை வரவழைத்தார். நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, மலைக்குப் போகவில்லை. அவர் வீட்டு வாசலில் வைத்து மீட்டரை சோதித்தோம்.

நான் பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். க்ராங்கை முன்பக்கமாகப் படுக்கையாக நிறுத்தி, பெடலில் கல்லைத் தொங்கவிட்டார். எவ்வளவு வர வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்னால் எழுதி வைத்திருந்தார்.

மீட்டரோடு இணைத்திருந்த போனில் வந்த எண்ணும் அதேதான். கல்லை இறக்கி மறுபடி மாட்டினார். அதே எண். மூன்றாவது தடவையும்.

"மீட்டர் கரெக்ட்டா இருக்குது சார்."

நல்லதுதானே பாய் என்றேன். கர்ச்சீப்பை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக.

"மிஷின் கரெக்ட்டுன்னா... தோலத்தான் சார் பாக்கணும்."

அங்கேயே, என் எதிரிலேயே, வேலூரில் ஒரு இதய டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டார். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு டோக்கன் கிடைத்தது. வீட்டில் மனைவியிடம் சொல்ல வேண்டாம், பாபி பயந்து பேஜார் ஆயிடுவாங்க என்றேன் நான்... நானேதான் சொன்னேன். வியாழன்தானே, பக்கத்தில்தானே என்று நினைத்தேன்.

அவர் சிரித்தார். எனக்கு டீ போட்டுத் தரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். கல்லைத் திங்கட்கிழமை லேபில் திருப்பித் தர வேண்டும், லேட்டானால் நம்மப் பசங்களே நம்மளப் பேசுவாங்க என்றார். நேற்று மதியமே கொடுத்துவிட்டார் என்று மைத்துனர் சொன்னார்.

மகன் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். கிருஷ்ணகிரி தாண்டிவிட்டதாகத் தகவல். இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். குழுவில் இருப்பவர்கள் நான்கு மணிக்குள் அவர் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

போய் வாருங்கள் பாய்.

வியாழக்கிழமை பத்தரை மணி டோக்கன் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கிளினிக் ஒன்பது மணிக்குத் திறந்துவிட்டது. நான் இன்னும் போன் செய்யவில்லை. அடக்கம் முடிந்ததும் செய்கிறேன்.